கிராப்பி மீனுக்கு எந்தப் புழு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு மாசி மாதக் காலையில், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது. வைத்தியசாலையிலும் பிறகு மறுவாழ்வு நிலையத்திலுமாக வசந்தம் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கால் ஓரளவு நடந்தது. வலது கைதான் சொல் கேட்கவில்லை. பேச்சு குழறியது. பண்டகசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரைச் சிரிக்கவைத்த மனிதர், தொலைபேசி அடித்தால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டத் தொடங்கினார். வீட்டில் இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்யவிடுங்கள் என்று கைப்பயிற்சி கொடுத்த பெண் சொல்லியனுப்பினாள். வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிய மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. டொராண்டோவுக்குப் போய்விட்ட மகன் எங்கள் கராஜில் ஒரு தூண்டில் தடியை விட்டுப் போயிருந்தான். ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், மீன் பிடிக்கப் போவோமா என்று கேட்டேன். ஓம் என்றார். இரண்டு பேருக்கும் மீனைக் கடையில் வாங்கி வெட்டத்தான் தெரியும்.

நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் என்ற ஊரிலிருந்து இன்னும் மேற்கே போனால் ஏரிக்கரையில் படகுத்துறை ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து நீட்டிப் போட்ட பலகைப் பாதையில் கதிரை வைத்து உட்காரலாம். அங்கே கிராப்பி கிடைக்கும் என்று இணையத்தில் பார்த்தேன். உள்ளங்கையளவில் தட்டையாக, வெள்ளியில் கரும்புள்ளி தெளித்ததுபோல ஒரு மீன். காணொளிகளில் எல்லோரும் அதற்கு உயிருள்ள சின்ன மீனைத்தான் இரையாகக் குத்தினார்கள். தூண்டில் கடைக்குப் போய் அதைக் கேட்டேன். கடைக்காரி, ஐம்பது தாண்டிய கெபெக் பெண், இந்த மாகாணத்தில் அதற்குத் தடை என்று சொல்லி ஒரு டப்பா மண்புழுவை எடுத்துத் தந்தாள். அதை மூன்று பைகளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குக் கீழே வைத்தேன். சனிக்கிழமை வரும்வரை அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை துறையில் உட்கார்ந்த பிறகும் புழுவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அவர் தூண்டில் முள்ளை வலது கை விரல்களுக்குள் செருகிவைத்துக்கொண்டு, இடது கையால் புழுவைக் குத்தப் பார்த்தார். ஒவ்வொரு புழுவும் அவர் சுண்டுவிரல் தடிப்பு. வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது, பலகை இடுக்கில் விழுந்தது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தடுமாறுவதைப் பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பியபோது அவருடைய காற்சட்டையில் ரத்தம். முள் வலது பெருவிரலில் ஆழமாக இறங்கியிருந்தது. அவர் இன்னமும் புழுவைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, கை... கையைப் பாருங்கோ."

குனிந்து பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"நோகேல்லை," என்றார்.

கிளினிக்கில் முள்ளை எடுத்து ஊசியும் போட்டுவிட்டார்கள். காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் நான் இயந்திரத்தை நிறுத்திய பிறகு, அவர் சொல் சொல்லாகச் சொன்னார். "என்ர கை எனக்கே பிறத்தியாப் போச்சு."

மிச்சப் புழுக்களைத் தக்காளிக் கன்றடியில் கொட்டினேன். தடி கராஜுக்குப் போனது. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலையில் தேத்தண்ணியோடு வந்து பார்த்தால், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒற்றைக் கையால் அதைப் போட எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ. நான் தடியை எடுத்து வந்தேன்; வழியில் இன்னொரு டப்பா புழு வாங்கினோம்.

அன்று பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நானே புழுவைக் குத்திக் கொடுத்தேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மிதவை தாழ்ந்தபோதும் தடியைத் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீர் குத்தினால் அது உம்மட மீன்."

எனக்குக் கோபம் வந்தது. அருவருப்பை விழுங்கிக்கொண்டு செய்தேனே என்ற கோபம். காருக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறேன், பொத்தான் போட்டுவிடுகிறேன், தொலைபேசியில் அவருக்காகப் பேசுகிறேன். இப்போது அவருடைய புழுவையும் எடுத்துக்கொண்டேன். இதை நினைத்ததும் கோபம் வடிந்துவிட்டது.

அவரைத் துறையிலேயே இருக்கவிட்டு நேரே கடைக்குப் போனேன். என்னுடைய அரைகுறை பிரெஞ்சில் கடைக்காரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளிக்கவில்லை. எந்த மீன் என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் மண்புழு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, மரத்தூளுக்குள் கிடந்த வெள்ளைப் புழுக்களைக் காட்டினாள். தேன்கூட்டில் வாழும் அந்துப்பூச்சியின் குடம்பிகள். அரிசியைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், வழுக்காது, துள்ளாது. கிராப்பிக்கு இதுவே போதும், பெரிய புழுவைக் கொடுத்தால் நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும் என்றாள். அது எப்போதும் மேலே பார்த்துத்தான் இரை தேடுமாம். ஆகவே முள்ளை அடிவரை இறக்காமல் நடுத்தண்ணீரில் தொங்கவிட வேண்டுமாம்.

முள்ளைப் பிடிப்பதற்கு மட்டும் இன்னொரு கை வேண்டியிருந்தது. அந்த வாரம் நான் மரக்கறி வெட்டும் பழைய பலகையில் உடுப்புக் கிளிப் ஒன்றைப் படுக்கவைத்து ஆணி அடித்தேன். கிளிப்பின் வாயில் முள்ளின் காம்பைக் கொடுத்தால், நுனி மேலே பார்த்து அசையாமல் நிற்கும். சனிக்கிழமை அதை அவர் மடியில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

முதல் புழு நசிந்துபோனது. இரண்டாவதும். அடுத்ததைத் தலைப்பக்கமாகப் பிடித்து மெல்ல அழுத்தினார்; முள்ளில் ஏறி, வால் நெளிந்தபடி நின்றது. தடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு பலகை ஓரமாகவே தண்ணீரில் இறக்கினார். மிதவை தாழவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. அவர் வெடுக்கென்று தூக்க, மீன் மேலே வந்து மினுங்கிவிட்டு வாயைப் பிய்த்துக்கொண்டு போனது. முள்ளில் மெல்லிய தோல் ஒட்டியிருந்தது. கடதாசி மாதிரி வாய், இழுத்தால் கிழிந்துவிடும் என்று கடைக்காரி சொல்லியிருந்ததை நான் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அவர் மறுபடி புழுவை எடுத்தார். இந்த முறை மிதவை நகர்ந்ததும் தடியை இலேசாக நிமிர்த்தி, இடது கையால் மெதுவாகச் சுற்றினார். நான் வலையைக் கொண்டு ஓடினேன்.

"ஓடாதையும். மெல்ல... மெல்ல வாரும்," என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் எனக்குப் போட்ட முதல் கட்டளை அது. மீன் வலைக்குள் வந்தது. பொரித்தபோது மீனை அவரே சாப்பிட்டார். எனக்கு வாலை மட்டும் உடைத்துத் தந்தார்.

இது நடந்து இரண்டு கோடை போய்விட்டது. கை அப்படியேதான் இருக்கிறது. வராது என்று இப்போது இருவருக்கும் தெரியும். போன வருடம் ஒருநாள் தூண்டில் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியபோது, அவர் தானே இறங்கினார். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரியோடு நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றார். இடையில் அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வரும் தமிழ் ஆட்களிடம் இரண்டு சொல் பேசாதவர்.

வந்து ஏறியதும், என்ன இவ்வளவு கதை என்று கேட்டேன்.

"பிரெஞ்சில நான் முந்தியும் இப்பிடித்தானே கதைச்சனான்," என்றார். "அவளுக்கு வித்தியாசம் தெரியாது."

அந்த வாரம் பண்டகசாலைக் கூட்டாளி ஒருவர் அழைத்தார். நான் வழக்கம்போல வாயெடுக்க முன், அவர் இடது கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். தமிழில், குழறிக் குழறி, கிராப்பிக்கு எந்தப் புழு நல்லது என்று சொல்லத் தொடங்கினார். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். நான் கறியைக் கிளற அடுப்படிக்குப் போய்விட்டேன்.