பதினொரு மணிக் கஞ்சி

ஜைதூன் பீ ஏழாவது முறை படியேறிய பிறகுதான், நேரில் வந்து பார்க்க மின்வாரியத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

மயிலாப்பூரில் அந்த வீட்டின் பின்பக்கம் அவள் குடும்பம். முன்பக்கம் கணவரின் அண்ணன் குடும்பம். ஒரே கதவு எண், இரண்டு மீட்டர். ஒரே வீடு என்று இரண்டையும் சேர்த்துவிட்டதால் இலவச நூறு யூனிட் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதியெல்லாம் மேல் கட்டணத்தில் ஏறியது.

அவள் கணவர் அப்துல் சமத் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம். முதுகில் புண் வராமலிருக்க, காற்று மெத்தையின் மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். பில் தாங்காமல் ஒரு வாரம் பகலில் நிறுத்திவைத்தாள். மூக்குக் குழாய் மாற்றப் போன நர்ஸ் நான், இடுப்பில் தோல் சிவந்திருப்பதைப் பார்த்துத் திட்டினேன். மறுநாளே மனுவோடு கிளம்பிவிட்டாள்.

தனி வாசல், தனிச் சமையல் இருந்தால்தான் தனி வீடு. சோதிப்பது நியாயம்தான். கடைக்காரர்கள் கூடுதலாகக் கட்டும் மின்கட்டணமும் அரசு போடும் பணமும் சேர்ந்துதான் அந்த நூறு யூனிட். ஆனால் அதிகாரி வருகிறாரே என்று அடுப்பைத் தேய்த்துத் துடைக்கச் சொன்னேன். அது என் தவறு.

அதிகாரி சுயம்புலிங்கம் வந்து உட்கார்ந்ததும், முன்பக்கத்து ஓரகத்தி, அவள் ‘பாபி’ என்று கூப்பிடும் நஸ்ருன்னிசா, மரியாதைக்கு டீ கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பளபளத்த அடுப்பைப் பார்த்தார்.

“டீ அங்கேர்ந்து வருது. இங்க அடுப்பு பத்த வெச்ச மாதிரியே தெரியல. ஒரே சமையல்னுதாம்மா எழுத முடியும்.”

நஸ்ருன்னிசாவின் முகம் வெளுத்துவிட்டது. ஜைதூன் பீ கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

“ஒக்காருங்க சார். அவருக்குக் கஞ்சி டைம். அத்த முடிச்சிடறேன், அப்பறம் இன்னா வேணா எழுதிக்கினு போங்க.”

கஞ்சி காய்ச்சி இரண்டு முறை வடிகட்டினாள். ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். கணவரின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மூக்குக் குழாயில் மெதுவாக ஊற்றினாள். கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயை மூடினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதிகாரி எழுந்து போகவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை வாட்டிம்மா?”

“ஆறு. பாபி வூட்ல பிரியாணியே ஆனாலும் இவருக்கு இந்த அடுப்புதான் சார்.”

எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது பில் தனித்தனியாக வருகிறது. மோட்டார் நிற்பதில்லை. நேற்று சமத்தைப் புரட்டிப் பார்த்தேன், இடுப்பில் சிவப்பு இல்லை.