புளி போட்டுத் தேய்த்த மணல் டாலர்

அமலிக்கு அலுத்துப் போயிருந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர்க் கல்லூரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போவது, விலங்கியல் வகுப்பு எடுப்பது, நின்றுகொண்டே திரும்புவது. தலை நரைத்த பிறகும் தற்காலிக ஆசிரியைதான். நிரந்தர வேலைக்கான நேர்காணல் ஒருவழியாக வந்தது. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மாதிரி வகுப்புக்கு மணல் டாலர் என்ற கடல் உயிரியைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் பொறுக்கிய அதன் வட்ட ஓடு ஒன்று அவளிடம் இருந்தது.

பார்த்தவர்கள் எல்லாம் அதைச் சிப்பி என்பார்கள். சிப்பியாவது! கடல் முள்ளெலிக்கு நெருங்கிய சொந்தம், நட்சத்திர மீனுக்குத் தூரத்து உறவு, முட்தோலி இனம். உயிரோடு இருக்கையில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் மயிர் போன்ற முட்கள். மணலில் புதைந்து ஊரும். செத்து, முள் உதிர்ந்தால்தான் இந்த வெள்ளை ஓடு. முதுகில் ஊசித்துளைகளால் ஆன ஐந்து இதழ்கள் இருக்கும். அந்தத் துளைகளில் நீளும் மெல்லிய குழாய்க்கால்களால்தான் அது மூச்சுவிடும். இனத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஐந்து இதழ்தான்.

கணவர் அருள்சாமி சம்பா நடவு முடித்துச் சும்மா இருந்தார். மாதா கோயில் திருவிழாவுக்குப் பித்தளை விளக்குத் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பவர் அவர். பெண்டாட்டி அழுக்கு ஓட்டையா கொண்டுபோவாள்? நேர்காணலுக்கு முந்தின ராத்திரி அதைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார்.

"பாத்தியா அமலி, நுரை நுரையா அழுக்கு போச்சு," என்று காலையில் நீட்டினார்.

நுரைத்தது அழுக்கல்ல, ஓடு. சுண்ணாம்பு புளிப்பில் கரையும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள் அவள். ஓர் இதழ்கூட மிச்சமில்லை. கத்தித் தீர்த்திருக்கலாம், தெம்பில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது மனசும் வரவில்லை.

"நல்லா இருக்குங்க," என்று பையில் வைத்துக்கொண்டாள்.

நேர்காணலில், பலகையில் ஐந்து இதழ் வரைந்துவிட்டு ஓட்டைக் காட்டினாள். குழுத் தலைவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க வரைஞ்சது இதுல இல்லையேம்மா. சிப்பி மாதிரியில்ல இருக்கு?"

வீட்டுக்காரர் தேய்த்துவிட்டார் என்று சொல்லாமல், பலகைப் படத்தை வைத்தே பாடத்தை முடித்தாள். சாயங்காலமே வேறொருவர் பெயரை அறிவித்துவிட்டார்கள்.

திருக்காட்டுப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் அருள்சாமி வண்டியோடு காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"அப்புறமா சொல்வாங்களாம்."

"கெடைச்சிடும் பாரு. கெடைச்சா, அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு ஒத்துக்கணும், ஆமா."

"ஒத்துக்கிறேங்க," என்று சொல்லிவிட்டு அமலி பின்னால் ஏறிக்கொண்டாள்.