விலைக்கு வந்த சீர் அண்டா

புதுப் பொருள் வாங்குவதில் எனக்கு ருசியே கிடையாது. கடையில் வாங்கினால் பில்லோடு கதை முடிந்துவிடும். போனில் விற்பனை ஆப்பில் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பழைய பொருளை வாங்கிப் பாருங்கள். தண்ணீர் கொடுப்பார்கள், டீ போடுவார்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். டீ ஆறுவதற்குள் எப்படியாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தம் என்று ஆனபின் விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வராது. என் வீட்டுக்காரருக்கு அதில்தான் கோபம்.

முதலில் வாங்கியது உடற்பயிற்சி சைக்கிள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒருவர் விற்றார். நாங்கள் போனபோது அதில் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. இப்போது அது திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. அதில் என் சேலை காய்கிறது. இருந்தாலும் அதை விற்க எனக்கு மனசு வராது.

விற்பது வேறொரு ருசி. "இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள், பொருளைப் பார்க்காமலேயே அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் என்று நூறு விதம் உண்டு. மீமிசலிலிருந்து ஒரு அம்மா வந்து என் பழைய தையல் மெஷினை வாங்கிப் போனார். அடுத்த வாரமே அதில் தைத்த முதல் பாவாடையைப் படம் எடுத்து அனுப்பினார். அன்றைக்கு நான் அந்தப் படத்தைக் காட்டாத ஆளில்லை.

இந்தத் தெம்பில்தான் அண்டாவில் கை வைத்தேன்.

அது எவர்சில்வர் அண்டா. நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது என் அண்ணன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இறக்கியது. வீட்டில் மோட்டாரும் மேல்தொட்டியும் வந்தபின் அதற்கு வேலையில்லை. வெங்காயமும் பழைய பைகளும் போட்டு வைத்திருந்தேன். என்றாலும் சீர் வந்த பொருளை விற்பது எங்கள் பக்கம் சாதாரண விஷயமில்லை. பாத்திரத்தை விற்றாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிறந்த வீட்டையே தூக்கிப் போட்டுவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். ஆனால் ஆப்பில் போடுவது அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். வாசல் வெயிலில் வைத்து நான்கு படம் எடுத்தேன். அரை மணி நேரத்தில் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து பந்திச் சமையல் செய்கிறவர் ஒருவர் கூப்பிட்டார். வாய்க்கு வாய் அக்கா என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அக்கா, விளிம்புல பேரு வெட்டியிருக்குல்ல? அது எங்க பக்கத்து ஊரு அண்ணன்தானே? அண்டா கனமா இருக்குமான்னு கேட்டு அவருக்கும் போட்டோவ அனுப்பி விட்டுருக்கேன்."

போனை வைத்துவிட்டு அண்டாவிடம் ஓடினேன். சீர்ப் பாத்திரம் என்றால் கொடுத்தவர் பேரையும் ஊரையும் வெட்டித்தான் கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்து பேர் வெட்டிய பாத்திரத்திலேயே சாப்பிட்டு வளர்ந்த கண்ணுக்கு அந்த எழுத்து தெரிவதே இல்லை. நான் தேய்த்த தேய்ப்பில் அண்ணன் பேர், அண்ணி பேர், ஊர்ப் பேர் மூன்றும் கல்வெட்டு மாதிரி பளிச்சென்று நின்றன.

விளம்பரத்தை உடனே எடுத்துவிட்டேன். அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தார், "காலையில வாரேன்" என்றார், வைத்துவிட்டார். மூன்று நிமிடம் விசாரிக்காமல் போனை வைக்கிற ஆளே இல்லை அவர். இனி நம் வாசலுக்கு வருவது நாளைக்குத்தான் கடைசி என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அண்டாவை அடுப்படியில் நடுவாக வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். இந்த அண்டா இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது என்று காட்டுவதாக எண்ணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அண்ணன் வந்தார். நேராக அடுப்படிக்குப் போய் அண்டாவைப் பார்த்தார்.

"எதுக்குத்தா இம்புட்டுத் தண்ணி? குழாயில வரலையா?"

ஆத்தா என்று செல்லமாகக் கூப்பிடும் அந்த 'தா'வைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "தப்புதாண்ணே, இடத்தை அடைக்குதுன்னு போட்டுட்டேன், இனிமே செய்ய மாட்டேன்" என்று அழுதேவிட்டேன்.

"அழுவாத. நான் அதுக்கு வரல. இந்தப் போட்டோவ எப்படி இம்புட்டுத் தெளிவா எடுத்த? நான் ரெண்டு மாசமா அந்த ஆப்புல ஒன்னு போட்டுவச்சிருக்கேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

போனை என்னிடம் நீட்டினார். இருட்டில் எடுத்த படம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். மேலே உரமூட்டை, அதன்மேல் ஒரு கோழி, கீழே டைனிங் டேபிள். அண்ணன் வீடு கட்டியபோது நான் கொடுத்த டேபிள்! கடை கடையாக ஏறி இறங்கி, ஆறு நாற்காலியோடு வேன் வைத்து அனுப்பியது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு நிமிடம் முன்னால் அழுததெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் குடுத்ததையாண்ணே விக்கப் போட்ட?"

"எங்க வீட்டுல யாருத்தா மேல ஒக்காந்து சாப்புடுறா? எல்லாம் தரையிலதான்."

"அதுக்காக விக்கிறதா? வேணாம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அண்ணன் திரும்பி அண்டாவைப் பார்த்தார். நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"நேத்து அந்தப் போட்டோவப் பாத்தப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சுண்ணே?"

"இப்ப ஒனக்கு எப்படி இருக்கோ, அப்படித்தான் இருந்துச்சு. போன்ல பேசுனா ஏதாச்சும் சொல்லிப்புடுவேன்னுதான் வச்சுட்டு, காலையில பஸ் ஏறுனேன்."

இரண்டு பேரும் அண்டாவைச் சாய்த்துத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினோம். அண்ணனே சமையல்காரருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அண்டாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இட்லி சாப்பிட்டபின் அவருடைய போனை வாங்கி, டேபிளுக்குப் புதிதாக விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். உரமூட்டையை இறக்கிவிட்டு, வெயிலில் தூக்கிவைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விலை எழுதும் இடம் வந்ததும் கொஞ்சம் இறக்கிப் போட்டேன். பழைய டேபிள்தானே.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"கொறச்சுப் போட்டுறாதத்தா. அது என் தங்கச்சி குடுத்தது."