ஒரே பெயரில் இன்னொருவர்

போன வாரம் கண் முகாம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எனக்கு வலது கண் ஆபரேஷன் போன வருடமே முடிந்துவிட்டது. இடது கண்ணுக்குத் தேதி சொல்லப்போகிறார்கள் என்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் தேதியைச் சொல்லவில்லை. "அய்யா, உங்க வீட்ல இதே பேர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எழுதியவர் ஒரு காலத்தில் அதே அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

அவரைப் புரோகிராமர் என்றே சொல்வோம். வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டால் சௌராஷ்டிர மொழியில் தணிந்து பேசுவார். போனை வைத்ததும் என்னோடு மதுரைத் தமிழில் சண்டைக்கு வருவார். நான் புள்ளிவிவரத் துறையில் ஓய்வு பெற்று, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அங்கே தொண்டுக்குப் போனவன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் அலுவலகம். பஸ்களின் ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. மீதிப் பாதிக்கே எங்களுக்குள் போதுமான மனஸ்தாபம் இருந்தது.

எங்கள் வேலை, பழைய முகாம்களின் டெக்ஸ்ட் ஃபைல்களைச் சுத்தம் செய்து டேட்டாபேஸில் ஏற்றுவது. ஒவ்வொரு முகாமிலும் யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரோ அவர் மனம்போல அடித்து வைத்தவை அவை. முகவரிக்கு நடுவில் ஒருவர் போட்ட கமா, அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் ஒரு கட்டம் தள்ளிவிடும். வயது இருக்க வேண்டிய இடத்தில் கதவு எண் வந்து நிற்கும். நூற்றைம்பது வயது தாண்டிய கிழவிகள் எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். வலது கண்ணை ஒருவர் 'வலது' என்று அடித்திருப்பார், ஒருவர் 'வ' என்று, இன்னொருவர் 'ரைட்' என்று. எல்லாவற்றையும் ஒழுங்காக்கி ஏற்றிவிட்டால், ஒரு கண் முடிந்து மறு கண் பாக்கி இருப்பவர்களின் பெயர்களை டேட்டாபேஸே எடுத்துக் கொடுக்கும். வேன் போய் அவர்களை அழைத்து வரும். அந்தப் பட்டியலில் வராத பெயரைத் தேடிக்கொண்டு யாரும் போகப் போவதில்லை. இந்தக் கவலை எனக்கு எப்போதும் உண்டு.

அதனால் ஒவ்வொரு ஃபைலிலும் சுத்தம் செய்வதற்கு முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று பார்ப்பேன். வித்தியாசத்துக்குக் காரணம் தெரியாமல் அடுத்த ஃபைலைத் தொடவிட மாட்டேன். "அண்ணே, நீங்க கொசுவத்தி ஏத்துனாக்கூட எத்தன கொசு செத்துச்சுன்னு எண்ணிட்டுத்தான் படுப்பீங்க" என்பார். கிட்டத்தட்ட உண்மைதான்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஃபைலில் முப்பத்தெட்டு வரி குறைந்தது. கேட்டேன். ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் அவருடைய புரோகிராம் இரண்டு வரியையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும் என்றார். வலது ஒரு வரியிலும் இடது ஒரு வரியிலும் இருந்தால், சேர்த்தபின் அந்த ஆளுக்கு இரண்டு கண்ணும் முடிந்தது என்று ஆகிவிடும். நியாயமான ஏற்பாடுதான். இருந்தாலும் முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பேச்சியம்மாளிடம் வந்து நின்றுவிட்டேன். வலதும் இடதும் ஒரே தேதியில் செய்ததாக இருந்தது. எங்கள் முகாமில் ஒருவருக்கு இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொட மாட்டார்கள்.

"தேதிய மாத்தி அடிச்சிருப்பாய்ங்கண்ணே. ஒரே ஊரு, ஒரே பேரு, ஒரே வயசு. புருசன் பேரும் ஒண்ணு, மச்சுவீடு."

"மச்சுவீடுன்னு ஒரு மனுசனுக்குப் பேரு இருக்குமா தம்பி?"

"கல்லுப்பட்டிப் பக்கம் என்ன வேணா இருக்கும். இது ரெண்டு ஆளா இருந்தா நான் மீசைய எடுத்துர்றேன். போதுமா?"

பந்தயத்தில் ஜெயிக்கும் அவசரத்தில் அந்த வரியிலிருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவர் வயக்காட்டில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் இருக்காங்களா என்று கேட்டதும், "பெரிய பேச்சியா, சின்னப் பேச்சியா?" என்றார் அவர்.

புரோகிராமரின் கை மீசைக்குப் போனது.

இரண்டு பேரும் சித்தப்பா பெரியப்பா மக்கள். ஒரே அப்பத்தாவின் பெயரை இருவருக்கும் வைத்திருந்தார்கள். பிறகு அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முகாமில் புருஷன் பெயரைக் கேட்டதும் இரண்டு பேரும் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறார்கள். நின்றவர்கள் ஊர் வழக்கப்படி வீட்டின் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டார்கள். வயது கேட்டால் அந்த ஊரில் எல்லோரும் அறுபது. "ரெண்டு பேருக்கும் ஒத்தக் கண்ணுதான் ஆச்சு சார். இன்னொண்ணுக்கு வண்டி வரும்னு சொன்னீக. அதுக எம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டுக் கெடக்குதுக" என்றார் அந்த மனிதர்.

போனை வைத்தபின் புரோகிராமர் அந்த வரியைத் திரும்பத் திறந்தார். பெரிய பேச்சிக்கு ஒரு கண், சின்னப் பேச்சிக்கு ஒரு கண். இரண்டையும் சேர்த்து இரு கண்ணும் தெரிகிற ஒருத்தியை அவருடைய புரோகிராம் உண்டாக்கியிருந்தது. அவளுக்கு எந்த வண்டியும் வரத் தேவையில்லை. "அண்ணே, மிச்சத்தையும் கூப்புட்டுப் பாத்துருவோம்" என்றார் கடைசியில். சேர்த்ததையெல்லாம் பிரித்துப் போட்டார். பெயரும் ஊரும் ஒத்துப்போனால் புரோகிராம் இனி தானாகச் சேர்க்காது. யாராவது போன் செய்து கேட்ட பிறகே சேர்க்கும். கேட்க வேண்டிய கேள்வியையும் திரையில் வரும்படி எழுதினார். முதலில் 'தங்கள் இல்லத்தில்' என்று அடித்து, அழித்துவிட்டு 'உங்க வீட்ல' என்று மாற்றினார்.

மறுநாள் மீசை இல்லாமல் வந்தார். நான் விளையாட்டாகத்தான் நினைத்திருந்தேன். அலுவலகமே சிரித்தது. அந்த வாரமே வேன் போயிற்று. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று இரண்டு பேச்சிகளும் எங்களைப் பார்க்க மாடியேறி வந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடிக்காமல். பெரிய பேச்சி புரோகிராமரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, மீசையை வீட்ல வச்சிட்டு வந்துட்டீகளா?" என்றார். அவ்வளவு நன்றாகத் தெரிந்தது அவருக்கு.

மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் எந்தப் புது ஃபைலை ஏற்றும் முன்பும் ஒரு விரலால் மேலுதட்டைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போய்விட்டார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"அய்யா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேன்மா. என் பேரன் இருக்கான். என் பேருதான் வச்சிருக்கு. போன முகாம்ல அவனுக்கும் கண்ணு பாத்தாங்க."

"அவங்களுக்குக் கண் ஆபரேஷன் எதுவும் ஆகியிருக்காங்கய்யா?"

"அவனுக்கு ஏழு வயசும்மா."

அவள் சிரிக்கவில்லை. "சரிங்கய்யா, ரெண்டு பேர்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் தேதியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், என் விரல் மேலுதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.