படப்பையில் மூன்று பூத்துகள்

ஒரகடம் ரோட்டில், பழைய சாமான் கடை வாசலில், ஐ.எஸ்.டி. என்று சிவப்பில் எழுதிய கண்ணாடிக் கதவைப் பார்த்ததுமே நான் சிறுமியாக இருந்த படப்பைக்குப் போய்விட்டேன். வியர்வையும் ஊதுவத்தியும் கலந்து மணக்கும் மூன்று டெலிபோன் பூத்துகள் அங்கே இருந்தன.

அப்பா மஸ்கட்டில் வெல்டர். ஞாயிறுதோறும் அம்மா தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, மூன்று பூத்திலும் ரேட்டு விசாரிப்பாள். பஸ் ஸ்டாண்டு பூத்தில்தான் அப்பா குரல் தெளிவாகக் கேட்கும்; ஆனால் அங்கே பத்து விநாடி பேசினாலும் முழு நிமிடத்துக்குக் காசு.

"எல்லா எடத்துலயும் இதாம்மா ரேட்டு" என்று அந்தப் பூத்துக்காரர் சாதித்த அன்று, மற்ற இரண்டு பூத்தின் பில்லையும் அம்மா அவர் மேசைமேல் விரித்தாள்.

"அப்ப இது இன்னாண்ணா? அவங்க விநாடிக் கணக்குல வாங்குறாங்க. நீங்களும் அப்படியே வாங்குங்க, இல்லன்னா நாங்க யாரும் இங்க வரமாட்டோம்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் "ஆமா" என்றார்கள். அவர் பில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, பேசு" என்றார்.

அன்று அவசரமில்லாமல் பேசிய அம்மா, ரிசீவரைத் தங்கச்சி வாயருகே பிடித்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத தங்கச்சி "ப்பா!" என்று கத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு!" என்று அப்பா போட்ட கூச்சல் வரிசை முழுக்கக் கேட்டது.

"சொல்லுவா, இருங்க" என்று சிரித்தாள் அம்மா. "நேரம் கீது."