முப்பத்தொன்றாம் பிரதி

பெட்டியக்கா என்றால்தான் நூலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு வருடமாக ஒரே ஒரு பெட்டியைக் காத்து வருகிறாள். உள்ளே இருப்பது புத்தகம்தான், ஆனால் தைக்காத புத்தகம். இருபத்திரண்டு நவீன ஓவியங்கள், இருபத்திரண்டு கவிதைகள், எல்லாம் தனித்தனித் தாள்கள். பக்க எண் கிடையாது. ஓவியரும் கவிஞரும் சேர்ந்து அறுபது பிரதிகள் மட்டும் போட்டார்கள். இங்கே இருப்பது முப்பத்தொன்றாவது.

பார்க்க வருகிறவர்கள் தாளைத் தொடக் கூடாது. அவள்தான் எடுத்து வைக்க வேண்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஓரத்தைப் பிடித்து, இடப்பக்கம் ஓவியம், வலப்பக்கம் கவிதை. எதிரே இருப்பவர் தலையாட்டும்வரை மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பித்தான் விடுவாள். சிலருக்கு ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் போதும், சிலருக்கு அரைமணி. ஒருவர் தூங்கியே போனார்.

"உனக்கென்னம்மா, ஏசி ரூம்ல உக்காந்து படம் பாக்கிற வேலை" என்பார் வாசல் காவலர்.

"வாங்களேன், மாத்திக்கலாம். நான் வெயில்ல நிக்கிறேன்."

அவர் சிரிப்பார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம்தான் ஒரு வழி பிறந்தது. வீட்டுத் தெருமுனையில் இருக்கும் கிளை நூலகத்தில், நான்கு பெரிய ஜன்னல்கள் உள்ள குழந்தைகள் பிரிவில், ஓர் இடம் காலியானது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். உத்தரவும் வந்துவிட்டது. பஸ் ஓட்டுநரான கணவர் அன்று சமையலறையில் பாட்டே பாடினார். அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கே? கேட்டது கிடைச்சிருச்சுல்ல?"

"ஒப்படைக்கணுங்க. பட்டியலை வச்சுத் தாள் தாளா சரிபார்த்துத்தான் அடுத்தவங்க கையெழுத்துப் போடுவாங்க."

"பார்க்கட்டுமே. நீ எதையாவது கிழிச்சியா?"

"கிழிக்கல. மாத்தி வச்சிட்டேன்."

ஒன்பது வருடம் முன்பு பெட்டி கைநழுவித் தரையெங்கும் தாள்கள் சிதறின. நல்லவேளை, ஒன்றுகூட மடங்கவில்லை. ஞாபகத்திலிருந்தே ஜோடி சேர்த்தாள். ஓரிடத்தில் ஞாபகம் காலை வாரிவிட்டது. மஞ்சள் கறை படிந்த சாம்பல்நிறச் சுவருக்கு எதிரே, வராத மழையைப் பற்றிய கவிதை இருந்திருக்க வேண்டும். அவள் வைத்தது, ஒரு பெண் தன் வீட்டுக் கதவுகளை எண்ணும் கவிதையை. மழை, காலிப் படிக்கட்டு ஓவியத்துக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து, கோப்பறையில் வேறு எதையோ தேடியபோது, எந்த ஓவியத்துக்கு எந்தக் கவிதை என்று சொல்லும் அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது. அதற்குள் நூலகம் சுவரையும் கதவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பெரிய போஸ்டர் அடித்திருந்தது. அந்த இடம் வந்தால் இன்றும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

"சத்தமில்லாம சரியா மாத்தி வச்சிட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"போஸ்டரைப் பார்த்துட்டுத்தான் ஆளே வர்றாங்க. மாத்தினா அன்னைக்கே கேப்பாங்க."

"அப்ப சொல்லிடு. தலையையா வாங்கிடப் போறாங்க?"

மறுநாள் காலை பொறுப்பாளரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு சார்."

"அவர் படிக்கிறவரா?"

"பஸ் நம்பர் படிப்பாரு."

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஜோடியை வச்சுத்தான்மா நான் கட்டுரை எழுதினேன். சுவருக்கு எதிரே கதவு, என்ன நுட்பம்னு மூணு ஊர்ல பேசியிருக்கேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"புதுசா ஒருத்தர் வந்தா பட்டியலோட வருவார். அதுதான் வினை. இந்தப் பெட்டியைக் கையாள உங்களை விட்டா ஆளே இல்லன்னு மேலே எழுதிடறேன். சிறப்புக் காப்பாளர்னு பதவிப் பேரும் கேட்டு வாங்கித் தர்றேன்."

"சார், எனக்கு அந்த மாற்றல்..."

"உங்களைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்?"

மேலே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் எந்தக் கடிதமும் அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். இன்று அது அவள் தப்பு மட்டுமல்ல, அவருடைய பெயரும்கூட.

மதியத்துக்குள் மாற்றல் ரத்தாகி, உத்தரவு கைக்கு வந்தது. கீழ்த்தளத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. படியேறி மேலே வந்தபோது கணவரின் அழைப்பு வந்தது.

"என்ன ஆச்சு? திட்டினாரா?"

"இல்லைங்க. பாராட்டினாரு."

"பாத்தியா, நான் சொல்லல? சரி, எப்ப நம்ம தெருமுனை லைப்ரரில சேரணும்?"

"ட்ரிப்புக்கு நேரமாயிருக்கும், வண்டியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள்.