இருபது கட்டங்கள், பன்னிரண்டு புடவைகள்

1. அறுபத்து நான்காம் எண்

காந்தி ரோட்டில் இருந்த அந்தப் பட்டுக்கடையின் மாடி அலுவலகத்துக்குப் பதினேழு படிகள். ஐம்பத்து மூன்று வயதில் நான் அவற்றை ஒரே மூச்சில் ஏறியது அந்த ஒரு நாள்தான். போனில் முதலாளி போட்ட சத்தம் அப்படி.

"சார், இன்னா வெப்சைட் பண்ணி வெச்சிருக்கீங்க? எல்லாம் தொறந்து கிடக்குது!"

கல்லூரியில் கணிதம் படித்த நான், நாற்பத்தெட்டு வயதில் பி.ஹெச்.பி. என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு ஒரு சி.எம்.எஸ். எழுதினேன். புடவைப் படத்தையும் விவரத்தையும் கடைக்காரர்களே பிரவுசரில் ஏற்றலாம். வேண்டும்போது வெளியிடலாம், மறைக்கலாம். ஊரில் ஏழு கடைகள் அதை வாங்கின.

இந்தக் கடையில் தை மாத முகூர்த்தங்களுக்காகப் பன்னிரண்டு புது டிசைன்கள் ஏற்றப்பட்டிருந்தன. எண் 61 முதல் 72 வரை. பொங்கலன்று திறப்பதாகத் திட்டம். அதுவரை மறைவில் இருக்க வேண்டும். ஆனால் கார்த்திகையிலேயே சென்னையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, 64ஆம் எண் மயில் புட்டாப் புடவை வேண்டும் என்று கேட்டுவிட்டார். பார்த்தால் பன்னிரண்டும் ஊர் பார்க்கத் திறந்திருந்தன.

யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்தேன். முந்தைய நாள் காலை 11.42க்கு வெளியிடப்பட்டிருந்தன. பயனர்: ஜெயந்தி. கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் பார்த்துவந்தவர்.

"நான் தொடல சார். ஆறு வருஷமா இங்க இருக்கேன்" என்றார் ஜெயந்தி.

"இவ கொழுந்தன் எதிர்க்கடையில வேலை பார்க்கறான். நான் இன்னான்னு நெனைக்கறது? சார், நீங்க சொல்லுங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"லாக் பொய் சொல்லாதுங்க" என்றேன். என் புரோகிராமின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"கேட்டியாம்மா? சாயந்திரம் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு."

2. வெளியேறாத கடை

நான் சொன்ன மூன்று வார்த்தையில் ஒருவர் வேலை போய்விட்டது. மனம் பொறுக்காமல் லாக்கை மறுபடி வரி வரியாக எண்ணினேன். இரண்டு விநாடிக்குள் ‘வெளியிடு’ என்று சர்வருக்கு இருபது கோரிக்கைகள் வந்திருந்தன. புடவைக்கு ஒரு பட்டன். நான் அழுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி ஆகிறது. கை செய்த வேலை அல்ல இது.

"நேத்து பதினொன்னே முக்காலுக்கு இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?" என்று ஜெயந்தியைக் கேட்டேன்.

"ஒரு கஸ்டமர் மெயில் போட்டிருந்தாங்க சார். இந்த மாதிரி புடவை இருக்குதான்னு லிங்க் குடுத்திருந்தாங்க. தொறந்தேன். ஒரே ஒரு மாம்பழக் கலர் புடவை. அதுக்குக் கீழ குட்டிக் குட்டியா கட்டம், செவப்புல பெருக்கல் குறி போட்டு. படம் வரலன்னு மூடிட்டேன்."

"அப்ப நம்ம அட்மின் பக்கமும் தொறந்திருந்துதா?"

"எப்பவும் தொறந்துதான் இருக்கும். முதலாளி மூடக்கூடாதுன்னாரே."

அது உண்மை. காலையில் கற்பூரம் காட்டியதும் ஜெயந்தி லாகின் செய்வார். கடை சாத்தும்வரை லாக் அவுட் கிடையாது. பட்டனில் நான் ஆசையாகத் தமிழில் ‘வெளியேறு’ என்று எழுதியிருந்தேன். "வியாபார நேரத்துல வெளியேறுன்னு அழுத்துவாங்களா சார்? பட்டப்பகல்ல ஷட்டர் போடற மாதிரி" என்று முதலாளி தடுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, மெயிலில் வந்த லிங்க்கைத் திறந்தேன். ஒரு புடவை. கீழே கட்டங்கள். விரல் வைத்து எண்ணினேன். இருபது. பக்கத்தின் நிரலைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் படத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் என் சி.எம்.எஸ்.ஸின் ‘வெளியிடு’ முகவரி இருந்தது. முதல் கட்டத்தில் 61, கடைசிக் கட்டத்தில் 80.

லாகின் செய்தவரின் பிரவுசரில் எங்கள் சர்வர் குக்கீ என்ற அடையாளத்தை வைக்கும். அந்தப் பிரவுசரிலிருந்து எங்கள் தளத்துக்குப் போகும் எல்லாக் கோரிக்கையோடும் குக்கீ தானாகவே போகும், கோரிக்கையைத் தூண்டியது வேறொருவரின் பக்கமாக இருந்தாலும். படத்தைக் கொண்டுவரப் போன பிரவுசர், ஜெயந்தியின் பெயரில் புடவைகளை வெளியிட்டுவிட்டுத் திரும்பியது. இதற்கு கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி என்று பெயர் உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

3. எண்ணிக்கை தெரியாதவர்

முதலாளி லேசில் ஒப்பவில்லை.

"இவளே ஆள் வெச்சு அனுப்பி இருக்கலாம்ல?"

"உங்க புது டிசைன் எத்தினி முதலாளி?"

"பன்னெண்டு."

"ஏத்தினது யாரு?"

"இவதான்."

"அப்ப பன்னெண்டுன்னு தெரிஞ்சவங்க எதுக்கு இருபதைத் தொறக்கப் பார்க்கணும்? 73லேர்ந்து 80 வரைக்கும் புடவையே கிடையாது. எட்டும் தோல்வின்னு லாக்ல இருக்குது. சைட்ல அறுபது வரைக்கும் இருக்கறத வெளிய இருந்து பார்த்துட்டு, அதுக்கு மேல குத்துமதிப்பா போட்டிருக்காங்க. ஜெயந்தி சொல்லிக் குடுத்திருந்தா பன்னெண்டோட நின்னிருக்கும்."

முதலாளி திரையில் இருந்த கட்டங்களைத் தாமும் ஒருமுறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப தப்பு யார்துதான் சார்?"

"என்னுது."

"லாக் பொய் சொல்லாதுன்னீங்களே?"

"பொய் சொல்லல. யார் பேர்ல வந்துதுன்னு மட்டும் சொல்லுச்சு. அவங்கதான் செஞ்சாங்களான்னு அதுக்குத் தெரியாது."

ஏழு கடைக்கும் ஒரே சி.எம்.எஸ். என்பதால் அந்த முகவரியின் அமைப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். அனுப்பியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஓட்டையை அடைப்பது மட்டும் என் கையில் இருந்தது. அடுத்த சில வாரங்களில், லிங்க் மூலம் எதையும் மாற்ற முடியாதபடி எல்லாவற்றையும் ஃபார்முக்கு மாற்றினேன். ஃபார்மைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் ஒரு புது ரகசிய எண்ணை அதற்குள் ஒளித்து வைக்கும். அந்த எண் திரும்பி வராவிட்டால் வேலை நடக்காது. வெளியாளின் பக்கத்துக்கு அந்த எண் தெரியாது. ஒரு கடைக்கு இருபத்து மூன்று பட்டன்கள், ஏழு கடைகள். நூற்று அறுபத்தொரு இடங்களையும் நானே சோதித்தேன். ‘வெளியேறு’ என்பதை எடுத்துவிட்டு ‘போய் வருகிறேன்’ என்று எழுதினேன். அதன்பிறகு பகலில் லாக் அவுட் செய்ய முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை.

உண்மை தெரிந்த அன்று சாயந்திரமே அவர் ஜெயந்தியிடம், "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

ஜெயந்தி சாவியை எடுத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? லாக் பொய் சொல்லாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, நேத்துக் காலைல இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

நான் எழுதிய புரோகிராம் செய்த அதே தவறைத்தான் நானும் செய்திருந்தேன். பெயரைப் பார்த்தேன், ஆளைக் கேட்கவில்லை. புரோகிராமில் நூற்று அறுபத்தொரு சோதனைகள் சேர்த்தேன். எனக்கு ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு எந்த லாக்கில் யார் பெயரைக் கண்டாலும், முதலில் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறேன்.